கதாபாத்திரங்களுக்கு வாசிப்பு அனுமதி இல்லை

என் அம்மா ஒரு கதாபாத்திரம் என்று எனக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்தார்கள். கீழே கையெழுத்து, அதன் கீழே முத்திரை, முத்திரையின் மேல் இன்னொருவருடைய சுருக்கக் கையெழுத்து. இத்தனை பேர் சேர்ந்து முடிவு செய்த பிறகு பெற்ற மகள் ஒருத்தி மறுத்து என்ன ஆகப் போகிறது? கடிதத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "சரி, கதாபாத்திரம் எழுந்து சாப்பாடு போடலாமா, இல்ல அதுக்கும் அவங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?" என்றாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள்.

அப்பா முதலில் நாடகத் தயாரிப்பாளர், பிறகு சினிமாத் தயாரிப்பாளர். நாடகம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார், அப்புறம் படம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வீட்டில் இருந்த நாட்களைவிட வீட்டுக்கு எழுதிய நாட்கள் அதிகம். ஆனால் மனிதருக்குக் கடிதம் எழுத வராது. 'அன்புள்ள' என்று எழுதினால் பேனாவுக்கே கூச்சம் வரும் என்பார். அதனால் படப்பிடிப்புக்குக் காட்சிப் பட்டியல் எழுதுகிற அதே கோடு போட்ட தாளில், அதே பாணியில் வீட்டுக்கும் எழுதுவார்.

"காட்சி 14. உள்ளே. பகல். சமையலறை. அம்மா கோபமாக இருக்கிறாள். குழாய் இன்னும் ஒழுகுகிறது. மூத்தவள் கணக்கில் தேறிவிட்டதாகப் பொய் சொல்கிறாள். சின்னவன் நம்புகிறான். அம்மா குழாய்க்காரரைக் கூப்பிடுகிறாள். அப்பா வருவது வியாழன்."

இதுதான் எங்கள் வீட்டில் கடிதம். மூத்தவள் நான். சின்னவன் என் தம்பி. எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழாயைச் சரிசெய், கணக்கைப் படி, என்மேல் கோபப்படாதே என்று அர்த்தம். வியாழக்கிழமை அவர் பெரும்பாலும் வர மாட்டார். அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு பழுப்பு உறையை அம்மாவிடம் காட்டி, "உனக்கு எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போய்ப் படி" என்றார். "நீங்களே வந்து படிச்சுக் காட்டுங்க" என்று அம்மா முறுக்கிக்கொண்டாள். உறை ஆஸ்பத்திரிப் பையிலேயே இருந்தது. அப்பா வீட்டுக்கு வரவில்லை. பை வந்தது. அதைத் திறந்து பார்க்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, மேசைமேல் அப்படியே கிடந்தது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, கலை ஆவணக் காப்பகத்திலிருந்து ஒன்பது பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் தலைமைக் காப்பாளர். வாசலில் செருப்பைக் கழற்றினார், கையுறையைக் கழற்றவில்லை. "ஒரு கலைஞனோட காகிதம் குடும்பத்துக்குச் சொந்தமில்லை, காலத்துக்குச் சொந்தம்" என்றார். காலம் ஒன்பது ஆளையும் ஒரு லாரியையும் அனுப்பியிருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த வேகத்தில் நாற்பத்தொரு பெட்டி கட்டினார்கள். நாட்காட்டியை எடுத்தார்கள். சலவைச் சீட்டை எடுத்தார்கள். மருந்து டப்பாவை விட்டுவிட்டு அதற்குள் இருந்த மடித்த காகிதத்தை எடுத்தார்கள். நான் ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் பல் மருத்துவமனையில் வரிசை எண் கொடுக்கிறவள். படிவம் என்று எதை நீட்டினாலும் என் கை தானாகப் போய்விடும்.

லாரி போன பிறகுதான் அம்மா கேட்டாள், "மேசைமேல பை இருந்துச்சே?"

பை இருந்தது, காலியாக.

இங்கே அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டே வந்தது. "எழுத்துப் படிக்கணும்னா இன்னும் மூணு மாசம். அதுக்கு மேல நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். நான் வேண்டுமானால் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். "என் புருஷன் எனக்கு எழுதினது. அதை நீ ஏன்டி படிக்கணும்? என் கண்ணால நானே படிக்கணும். அவ்வளவுதான்." அந்த ஒரு உறைக்காகத்தான் இத்தனையும்.

அடுத்த நாளே காப்பகத்துக்குப் போனோம். வாசலில் எங்கள் பை, குடை, பேனா, கைக்குட்டை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைக்குட்டை எதற்கு என்றேன். "உணர்ச்சிவசப்பட்டு ஈரம் பட்டா காகிதம் பாழாகும். கைக்குட்டை இருந்தா அழலாம்னு ஒரு தைரியம் வந்துடுது பாருங்க" என்றார் வரவேற்பு மேசைக்காரர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. பென்சில் ஒன்றைக் கொடுத்து விண்ணப்பத்தை நீட்டினார்.

"ஆய்வுத் தலைப்பு?"

"ஆய்வெல்லாம் இல்லைங்க. எங்க அப்பா எங்க அம்மாவுக்கு எழுதின ஒரு கடிதம்."

"தலைப்பு இல்லாம பதிவு பண்ண முடியாது."

"'கடிதம்'னு போட்டுக்கோங்க."

"அது ரொம்ப விரிவான தலைப்பு. நீங்க தகுதிவாய்ந்த ஆய்வாளரா?"

"மகள்."

அவர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். பேராசிரியர், மாணவர், பத்திரிகையாளர், வெளிநாட்டுப் பயணி, இதர. மகள் இல்லை. மனைவியும் இல்லை. கடைசியில் என்னை இதரவிலும் அம்மாவை வெளிநாட்டுப் பயணியிலும் சேர்த்தார். இதரவில் ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் இடமாம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தொகுப்பில் குடும்பக் கடிதம் ஒன்றுகூட இல்லை. மேற்படித் தயாரிப்பாளருக்குக் குடும்ப வாழ்க்கை இருந்ததற்கான சான்றே கிடைக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் மேலாக, உலகம் இதுவரை அறியாத ஒரு திரைக்கதை கிடைத்திருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு தாள். படமாக்கப்படாதது. பெரும்பாலான காட்சிகள் 'அப்பா வருவது வியாழன்' என்ற அதே வரியில் முடிவதால் காப்பகம் அதற்கு 'வியாழன் வருகிறார்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. அதன் இறுதிக் காட்சி பெட்டி எண் முப்பத்தெட்டில், பழுப்பு உறையில், 'அம்மாவுக்கு' என்ற குறிப்புடன் உள்ளது.

முப்பது வருடம் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினதை எடுத்துவைத்து இந்தப் புண்ணியவான்கள் காவியம் என்கிறார்கள்.

தலைமைக் காப்பாளரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. நீளமான மேசை. அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் முனைவர் ஒருவர். இந்தத் திரைக்கதையைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பவர். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்திருந்தது, கன்னம் இரண்டும் பளபளத்தன. இந்தப் பக்கம் நானும் அம்மாவும்.

"இவங்கதாங்க அந்த அம்மா. நான்தான் மூத்தவள். அது எங்க வீட்டுக் கடுதாசி" என்றேன்.

தலைமைக் காப்பாளர் கருணையோடு சிரித்தார். "இது அடிக்கடி நடக்கிறதுதாம்மா. நல்ல படைப்பைப் படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் 'இது என் கதை'ன்னு தோணும். அதுதான் கலையோட வெற்றி. அந்த வெற்றியைப் பாதுகாக்கத்தான் நாங்க யாரையும் படிக்க விடறதில்லை."

"நாங்க படிச்சதில்லீங்க, தபால்ல வாங்கினோம்."

முனைவர் குறுக்கிட்டார். "என் ஆய்வு முடிவைச் சொல்லிடறேன். மூத்தவள் பாத்திரம் பலவீனமானது, பொய் சொல்றதைத் தவிர அதுக்கு வேலையே இல்லை. அம்மா பாத்திரம் அற்புதம். ஆனா நம்பும்படியா இல்லை. ஒரு மனுஷன் வரேன் வரேன்னு முப்பது வருஷம் வராம இருக்கார், அதுக்கும் ஒரு பொம்பளை குழாயைச் சரிபண்ணிட்டுக் காத்திட்டு இருக்காளாம். நிஜத்துல அப்படி ஒருத்தி இருக்க முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றாள் அம்மா.

"நடைமுறையில சாத்தியமில்லைம்மா."

"நான் என்ன சாத்தியமானு கேட்டுட்டா செஞ்சேன்?"

முனைவர் அதைக் குறித்துக்கொண்டார். புத்தகத்தில் வரும் என்று நினைக்கிறேன், அவர் சொன்னதாக.

பிறகு அடையாளச் சோதனை. அம்மா தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள். தலைமைக் காப்பாளர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க பேர் போட்டிருக்கு. 'அம்மா'ன்னு எங்கேயும் இல்லையே" என்றார். பிரதியில் வருகிற பெண்ணுக்குப் பெயரே கிடையாது. இவருக்குப் பெயர் இருக்கிறது. ஆகவே இவர் வேறு, அவர் வேறு. சரி, இன்னொரு வாய்ப்பு தரலாம் என்று ஒரு தாளை முனைவர் தூக்கிப் பிடித்தார், எங்களுக்குத் தெரியாதபடி.

"காட்சி இருநூற்று மூணு. வெளியே மழை. அப்பா பெட்டியோட வந்து கதவைத் தட்டறார். அம்மா என்ன செய்யறாங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. "திறக்கலை. அரைமணி நேரம் நின்னாரு. நனையட்டும்னு விட்டேன்."

முனைவர் தாளைப் பார்த்தார், தலைமைக் காப்பாளரைப் பார்த்தார், வருத்தத்தோடு தலையாட்டினார். "தப்பு. 'அம்மா ஓடிவந்து கதவைத் திறக்கிறாள், கண்ணில் நீர்.' அப்படித்தான் எழுதியிருக்கு."

"அவர் அப்படித்தான் எழுதுவாரு! தயாரிப்பாளர்தானே!" அம்மாவின் குரல் அந்த அறையின் கண்ணாடி அலமாரி வரைக்கும் போய்த் திரும்பியது. "கதவுக்கு அந்தப் பக்கம் நின்னவரு அவரு, இந்தப் பக்கம் நின்னவ நான். நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா?"

"மூலப்பிரதிக்கு முரணான வாய்மொழியை நாங்க ஏத்துக்கிறதில்லைம்மா" என்றார் தலைமைக் காப்பாளர். "நீங்க அந்த அம்மாவா இல்லைன்னா உங்களுக்கு அந்த உறையில உரிமை இல்லை. ஒரு பேச்சுக்கு, நீங்கதான் அந்த அம்மான்னே வச்சுக்கலாம். அப்போ நீங்க ஒரு கதாபாத்திரம். கதாபாத்திரங்களுக்கு வாசிப்பு அனுமதி கொடுக்க எங்க விதியில இடமே இல்லை. தன்னோட முடிவை ஒரு பாத்திரமே படிச்சிட்டா அப்புறம் கதை எங்கே இருக்கு?"

"நகலாவது கொடுங்க" என்று கெஞ்சினேன். வெளிச்சம் பட்டால் காகிதத்துக்கு வயதாகும் என்றார். அம்மாவுக்கும் வயதாகிறது என்றேன். அதற்குக் காப்பகம் பொறுப்பல்ல என்றார். இதற்குப் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன முத்திரைக் கடிதம்.

அதன்பின் நாட்கள் ஓடின. பத்திரிகையின் பெரிய எழுத்தை அம்மா தினமும் காலையில் கண்ணருகே வைத்துப் பார்ப்பாள். "இன்னைக்கும் தெரியுது" என்பாள். ஒருநாள் தலைப்பு மட்டும் தெரிந்தது. அதற்கு அடுத்த வாரம் ஜன்னலோரம் வெயிலில் வைத்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள். கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அழைப்பிதழ் வந்தது. 'வியாழன் வருகிறார்' திரைக்கதையின் இறுதிக் காட்சி, முதல்முறையாக மேடையில். மூலத்தாளே மேடையில் வாசிக்கப்படும். நன்கொடையாளர் என்ற முறையில் எனக்கு ஒரு இருக்கை, துணைக்கு ஒருவர்.

வாசலில் முனைவர் பட்டுச் சால்வையோடு நின்றிருந்தார். "உறையைப் பிரிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"குழுவா உட்கார்ந்து பிரிச்சோம். ஏழு பேர். எல்லாரும் கையுறையோட."

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. "எனக்கு எழுதினதை ஏழு பேர் படிச்சாங்களா?" என்றாள். அவர் காதில் விழவில்லை.

"ரெண்டு தாள் இருந்துச்சு. முதல் தாள் பிரமாதம். ரெண்டாவதை வெட்டிட்டோம். அதுல கதை நகரவே இல்லை. கண்ணுக்கு மருந்து எப்படி விடணும், யார் விடணும், அப்புறம் மன்னிப்பு, அது இதுன்னு ஒரே தேக்கம். பார்வையாளர் எழுந்து போயிடுவாங்க" என்றார் முனைவர்.

கூட்டத்தில் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம்.

தலைமைக் காப்பாளர் முக்கால் மணி நேரம் பேசினார். காகிதத்தை மனிதர்களிடமிருந்து காப்பதே காப்பகத்தின் கடமை என்றார். கடந்த ஆண்டு ஒரு வாசகர்கூட ஒரு தாளைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டோம் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அப்புறம் திரை விலகியது. அம்மா வேஷத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் நரைக்காகத் தலையில் மாவைக் கொட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். அப்பா வேஷக்காரர் ஒட்டுத்தாடி, முகமெல்லாம் எண்ணெய்ப் பூச்சு. கையிலும் பூச்சு. அந்தக் கையில், கையுறை இல்லாமல், அப்பாவின் பழுப்பு உறை. எங்கள் கைக்குட்டைக்குப் பயந்த காப்பகம்! அவர் உறையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து, முதல் தாளை விரித்துப் படித்தார்.

"கடைசிக் காட்சி. உள்ளே. பகல். அப்பா இல்லை. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் வருகிறார்கள். நயமாகப் பேசுகிறார்கள். அம்மா அவர்களை நம்பவில்லை. மூத்தவள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவள். அம்மா அவளைத் தடுக்கிறாள். அவர்கள் போன பிறகு அம்மா என் காகிதங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துகிறாள். ஒரு தாளும் மிச்சமில்லை. வெளியாருக்கு அதில் ஒன்றுமில்லை."

கையெழுத்துப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டேன். அரங்கமோ எழுந்து நின்று கைதட்டியது. தலைமைக் காப்பாளர் ஒலிபெருக்கிக்கு ஓடினார். "கவனிங்க! கையுறைங்கிறது இங்கே மரணம். காகிதம்ங்கிறது உடல். கொளுத்துங்கன்னா, பத்திரமா வைங்கன்னு அர்த்தம். அதைத்தான் நாங்க செஞ்சிட்டிருக்கோம்!"

பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அம்மா இல்லை.

படிக்கட்டைக் கையால் தடவித் தடவி ஏறிக்கொண்டிருந்தாள். மேடையில் வெளிச்சத்தை நோக்கி நேராக நடந்தாள். மாவு கொட்டிய பெண், ஏதோ கடைசி நேரத்து மாற்றம் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கினாள். அம்மா அப்பா வேஷக்காரரின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க."

அவர் தொழில் தெரிந்தவர். எதிரில் நிற்கிறவர் கையை நீட்டினால் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு தாளையும் கொடுத்தார். அம்மா அவற்றை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினாள். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. யாரோ அழுதார்கள். தலைமைக் காப்பாளருக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது. முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள், எல்லாரும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "எங்கள் குழு ஆறு மாதம் திட்டமிட்ட முடிவு இது!" என்றார். வாசல் காவலாளி அம்மாவுக்கு வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

டாக்சியில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டாவது தாளைப் படித்தாள். தாளைக் கன்னத்தோடு ஒட்டி, தலையைச் சாய்த்து, சொல் சொல்லாக. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் முடியவில்லை. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இறங்கும்போது, "கதவை நான் திறக்கலைன்னு ஒத்துக்கிட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

முதல் தாளை அன்று மாலையே வீட்டுக்குப் பின்னால் கொளுத்தினாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு முத்திரை. மேற்படி மூலத்தாள்களைத் திருப்பிக் கேட்டால் அவை களவு போனதாக ஆகிவிடும் என்பதாலும், காப்பகத்தில் களவு போக வழியில்லை என்பதாலும், அவை நிகழ்ச்சியில் செலவானதாகக் கருதப்படுகின்றன. மேன்மக்களின் பாராட்டை முன்னிட்டு இதே காட்சியை மேலும் நாற்பது முறை, வாரம் ஒரு பெட்டி வீதம் மூலத்தாள்களுடன் நடத்தக் குழு தீர்மானித்துள்ளது. அம்மா பாத்திரத்தில் அதே முதியவர் தோன்றி, தாள்களை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். விதிப்படி, பாத்திரம் அவற்றைப் படிக்கக் கூடாது.

அம்மாவிடம் மெதுவாகப் படித்துக் காட்டினேன். அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள். இடது கண்ணும் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"சம்மதம்னு எழுது" என்றாள். "மேடைக்கு எத்தனை படின்னு மட்டும் கேட்டு வை."